தாழியில் தண்ணீர் குடிக்கும் மணியன்

கேள்வி: எங்கள் மணியனுக்கு மூன்று வயது. கடுவன், நாலு கிலோ இருப்பான். போன வருடம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தோம், அதிலிருந்து பாக்கெட் தீனிதான். பங்குனி பிறந்ததிலிருந்து பகலெல்லாம் ஆசாரத்துத் தரையில் நீட்டிப் படுத்துக் கிடக்கிறான். தீனிக்குப் பக்கத்திலேயே போசி நிறையத் தண்ணீர் வைத்தால் மோந்து பார்ப்பதோடு சரி. ஆனால் மாட்டுத் தாழியின் விளிம்பில் ஏறி நின்று நக்கிக் குடிக்கிறான்! பால் ஊற்று, சூடு தணியும் என்கிறார் அத்தை. என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, காங்கயம்

பதில்: தாழி வரைக்கும் ஏறுகிறான் என்றால் தாகம் இருக்கிறது. அந்த மட்டில் நல்லதுதான். பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பூனைக்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்குச் சுமார் 50 மில்லி நீர் வேண்டும். தின்பதில் இருக்கும் ஈரமும் இதில் சேர்த்தி. மணியனுக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். எலி உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் வேட்டையிலேயே அவற்றின் தாகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் குதிருக்கடியில் எலி பிடித்த பூனைக்கு யாரும் தனியாகத் தண்ணீர் வைத்துக் காத்திருக்கவில்லை. பாக்கெட் தீனியிலோ 100 கிராமுக்கு 10 கிராம் ஈரம் இருந்தாலே அதிகம். 60 கிராம் தின்றால் 6 மில்லி. மிச்சத்தை முழுக்க அவன் நாக்கால் நக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கேற்ற தாகம் பூனைக்குக் கிடையாது.

அதனால் முதலில் தட்டை மாற்றுங்கள். ஒரு வேளையாவது வேகவைத்த கோழியோ முள் எடுத்த மீனோ, வேகவைத்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். சின்ன வெங்காயம் இல்லாமல் நம் பக்கம் குழம்பே கொதிக்காது, தெரியும். ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஆகவே குழம்புச் சட்டியிலிருந்து அள்ளிப் போடாதீர்கள். கருவாடும் வேண்டாம், அத்தனை உப்பு. பாக்கெட் தீனியை விட மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதிலேயே இரண்டு மூன்று கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். வாசனை கிளம்பும், வருவான். நனைத்த தீனியை இந்த வெயிலில் அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள், எறும்புக்கு முன்னால் புளிப்பு வந்துவிடும்.

போசி விஷயத்தில் பூனைகள் ரொம்பக் கறார். தின்னும் இடத்துக்கு ஒட்டியிருக்கும் தண்ணீரைப் பல பூனைகள் தொடுவதில்லை. குறுகலான பாத்திரம் என்றால் மீசை இடிக்கும். பிளாஸ்டிக்கில் வாடை ஏறும். எலுமிச்சை வாசனை சோப்புப் போட்டுத் துலக்கினால் கிட்டவே வராது. வாயகன்ற மண் சட்டி இரண்டு மூன்று வாங்கி ஆசாரத்தில் ஒன்று, பொடக்காணி நிழலில் ஒன்று என்று விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். மண் சட்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது சில்லென்று இருக்கும். காலையும் மாலையும் ஊற்றிக் கழுவி மாற்றுங்கள்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. வயிறு கலங்கினால் உள்ளே போனதைவிட வெளியே போகும் தண்ணீர்தான் அதிகமாகும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பூனை பால் குடித்தே பத்து வருடம் இருந்ததே என்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பயம். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி மணல் மாதிரித் துகள் சேரும். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்ப மெல்லிசு, அடைத்துக்கொள்ளும். கரூரில் இருந்தபோது எங்கள் கடுவன் ஒரு ராத்திரி மண் தொட்டிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். உட்காருவான், முக்குவான், கத்துவான், மண்ணில் ஈரமே இருக்காது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், என் புத்தி அவ்வளவுதான். விடிந்து தூக்கிக்கொண்டு போய் டியூப் போட்டுத்தான் பிழைத்தான். ஒன்றிரண்டு நாள் அடைத்தே கிடந்தால் உயிர் போய்விடும். மணியன் அப்படி உட்கார்ந்தால் அந்த மணியிலேயே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். தினமும் மண் தொட்டியில் ஈரக் கட்டிகளைக் கண்ணால் பாருங்கள், எத்தனை, எவ்வளவு பெரிது என்று. சட்டியில் எவ்வளவு குறைந்தது என்பதைவிட அது நம்பகமான கணக்கு.

ஈறு பிசுபிசுத்து, பிடரித் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத் திரும்பினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நாயைப் போல வாய் திறந்து இரைத்தால் வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரில் நனைத்து, ஃபேன் போட்டு, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். துவண்டு கிடக்கும் பூனையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். மாறாக, திடீரென்று சட்டி சட்டியாகக் குடிக்க ஆரம்பித்தாலும் காட்டுங்கள், சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம்.

தாழிக்கு வருகிறேன். புண்ணாக்கும் உப்பும் கரைத்த தண்ணீர் அவனுக்கு ஆகாது. ஆனால் இடம் பிடித்திருக்கிறது. பக்கத்துத் திண்ணையில், மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஒரு மண் சட்டி வைத்துப் பாருங்கள்.