முதுகுத் தசை லட்டிசிமஸ் டார்சை, தொடையின் உறை ஃபேஷியா லேட்டா: இரண்டிலும் வருவது ஒரே சொல்லா? ‘பக்கவாட்டு’ எனப்படும் லேட்டரலோடு அதற்கு உறவு உண்டா?

ஒரே சொல்தான். லேட்டரலோடு உறவு கிடையாது.

லத்தீனில் நெடிலாக லாத்துஸ் (ஆங்கில உச்சரிப்பில் லேட்டஸ்) என்றால் ‘அகன்ற’, பெயரடை. குறிலாக லத்துஸ் என்றால் ‘பக்கம்’, பெயர்ச்சொல். ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு (latus) என்பதால்தான் இத்தனை குழப்பம். பக்கத்தைக் குறிக்கும் சொல் வேற்றுமை ஏற்றால் லத்தெரிஸ் ஆகும். லேட்டரல், பைலேட்டரல், கொலேட்டரல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. உடற்கூறியல் பெயர்களில் ‘லேட்ட’வை அடுத்து ‘ர்’ ஒலித்தால் பக்கம், இல்லாவிட்டால் அகலம் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் சறுக்குவது தொடையில். ஃபேஷியா லேட்டா தொடை முழுவதையும் காலுறை மாதிரிச் சுற்றிய அகன்ற உறை. அதன் வெளிப்பக்கம் தடித்து இலியோடிபியல் ட்ராக்ட் என்ற நார்ப்பட்டை ஆவதைப் பார்த்துவிட்டுப் பெயருக்கே ‘பக்கவாட்டு உறை’ என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழில் ‘அகன்ற’ எந்தப் பெயருக்கு முன்னாலும் அப்படியே நிற்கும். லத்தீன் பெயரடை, பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இசைய வேண்டும். ஃபேஷியா பெண்பால், ஆகவே லேட்டா. லிகமென்டம் (இணைப்பு நார்) நடுப்பால், ஆகவே கருப்பையின் பிராட் லிகமென்ட் லத்தீனில் லிகமென்டம் லேட்டம். தசையைக் குறிக்கும் மஸ்குலஸ் ஆண்பால், ஆகவே ‘மிக அகன்ற’ என்பது லட்டிசிமஸ். டார்சை பெயரடையே அல்ல. டார்சத்தின் ஆறாம் வேற்றுமை, ‘முதுகின்’. அதனால் பன்மையில் லட்டிசிமை டார்சை என்று முன்சொல் மட்டும் மாறும்.

டென்சர் ஃபேஷியே லேட்டே என்ற தசையை ‘டென்சர் ஃபேஷியா லேட்டா’ என்று எழுதுவது பிழை. ‘அகன்ற உறையின் இறுக்கி’ என்பது பொருள். உறை ஆறாம் வேற்றுமைக்குப் போனால் அதன் பெயரடையும் கூடவே போக வேண்டும்.

பால்வினை நோயான சிஃபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் வரும் தட்டையான, மருப் போன்ற புடைப்புகளான கான்டிலோமேட்டா லேட்டாவைப் பாருங்கள். இந்த லேட்டா பெண்பால் ஒருமை அல்ல, நடுப்பால் பன்மை. கான்டிலோமா ‘ஆ’வில் முடிந்தாலும் கிரேக்க வழி வந்த நடுப்பால் சொல். ஒன்றே ஒன்று இருந்தால் கான்டிலோமா லேட்டம் என்றே எழுத வேண்டும். ‘கான்டிலோமா லேட்டா’ இரண்டுங்கெட்டான்.

மீன் வழியாகத் தொற்றும் நாடாப்புழுவிலும் இதே விதிதான். டைஃபில்லோபோத்ரியம் லேட்டம் என்று இருந்ததை டைபோத்ரியோகெஃபாலஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். பேரினப் பெயர் ஆண்பால் ஆனதும் லேட்டம் லேட்டஸ் ஆகிவிட்டது.