முதல் சர்வதேச ரெகாட்டா: 60 படகுகள் நிற்கும் கோட்டில் எங்கே நிற்பது?

கேள்வி: ஒருவர் மட்டும் ஓட்டும் பாய்மரப் படகான ஐஎல்சிஏ 6 வகுப்பில் தேசிய அணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். இன்னும் 10 வாரத்தில் என் முதல் சர்வதேச ரெகாட்டா (பல ரேஸ்கள் கொண்ட படகுப் போட்டி). இதுவரை நான் ஓட்டிய போட்டிகளில் அதிகபட்சம் 12 படகுகள்தான். பெரும்பாலும் முதல் மூன்றுக்குள் வந்துவிடுவேன். இங்கே 120 பேர் வருகிறார்கள், இரண்டு குழுவாகப் பிரிப்பார்களாம். படகும் வாடகைப் படகு. இருக்கும் நாட்களை எதில் செலவழிப்பது? நாட்டின் பெயரைப் பாயில் ஒட்டிக்கொண்டு போய்க் கடைசியில் வந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: பயத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் நீரில் எடுக்கும் தவறான முடிவுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது. 12 படகில் ஜெயித்துப் பழகியவர், 60 படகுக்கு நடுவில் முதல் மார்க்கை (சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையை) 40-ஆவதாகத் திரும்பும்போது பதறிப்போவார். உடனே எல்லோரும் போகும் பக்கத்தை விட்டுத் தனியாக ஒரு மூலைக்கு ஓடுவார், அதிர்ஷ்டக் காற்று கிடைக்காதா என்று. கிடைக்காது. 40 என்பது 55 ஆகும். அந்த இடத்தில் நிதானமாக ஓட்டி 40-ஐ 32 ஆக்கத் தெரிந்தவர்தான் வாரக் கடைசியில் மேலே இருப்பார்.

இதை எண்ணில் பாருங்கள். ரெகாட்டாவில் முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2 என்று போகும். குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். 60 பேர் குழுவில் தகுதி நீக்கம் ஆனால் 61. ஆறு ரேஸ், அதில் மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 3, 38, 6, 61, 9, 41 எடுக்கிறார். இன்னொருவர் 17, 19, 22, 15, 18, 24. முதலாமவர் மூன்று ரேஸில் முதல் பத்துக்குள் வந்தவர். 61-ஐக் கழித்தால் அவருக்கு 97. இரண்டாமவர் ஒருமுறைகூடப் பத்துக்குள் வரவில்லை. 24-ஐக் கழித்தால் 91. அவர்தான் முன்னால். முதல் பாதி ரேஸ்களை வைத்துத்தான் முன்னணியில் இருப்பவர்கள் தங்கக் குழு, மற்றவர்கள் வெள்ளிக் குழு என்று பிரிப்பார்கள். அதனால் ஒரு பெரிய எண்ணுக்கே உங்கள் வாரத்தின் திசையை மாற்றும் பலம் உண்டு. உங்கள் முதல் ரெகாட்டாவுக்கு நான் வைக்கும் இலக்கு இதுதான்: பெரிய எண் வராமல் ஓட்டுவது.

அந்தப் பெரிய எண்களில் முக்கால்வாசி பிறப்பது தொடக்கக் கோட்டில். அதனால் பத்து வாரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள் என்பேன்.

12 படகு நிற்கும் கோட்டில் எங்கும் இடம் இருக்கும். 60 படகு என்றால் கோடு சுமார் 300 மீட்டர், ஆனாலும் தோளோடு தோள் உரசும். கோடு காற்றுக்கு மிகச் சரியாகக் குறுக்கே இருப்பது அபூர்வம். 5 பாகை சாய்ந்திருந்தாலே ஒரு முனையில் நிற்பவர் மறுமுனையில் நிற்பவரைவிடக் காற்றை நோக்கி 26 மீட்டர் முன்னால் தொடங்குகிறார். ஐஎல்சிஏ படகின் நீளம் 4.23 மீட்டர், அதாவது ஆறு படகு நீளம் இனாம். எந்த முனை என்று பார்ப்பது எளிது: கோட்டின் நடுவில் போய்ப் படகை நேராகக் காற்றுக்குள் திருப்பி நிறுத்துங்கள். மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ அதுதான் லாபமான முனை. ஆனால் அங்கே முதல் இடத்துக்குப் போய் அடித்துக்கொள்ளாதீர்கள். உலகத் தரத்தில் தொடங்கப் பழகியவர்கள் எல்லோரும் அங்கேதான் குவிவார்கள். அந்த முனையிலிருந்து கோட்டின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி நில்லுங்கள்; லாபத்தில் பெரும்பகுதி கிடைக்கும், நெரிசல் கிடைக்காது.

நடுவில் நிற்பவர்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நடுவில் எல்லோரும் பின்தங்கியே நிற்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தால்? அதற்கு ஒரு பழைய வழி: புறப்பாட்டுக்கு 5 நிமிடம் முன் வரும் எச்சரிக்கை சமிக்ஞைக்கு முன்பே, கோட்டின் ஒரு முனையில் நிற்கும் கமிட்டி படகுக்கு (போட்டி நடத்துபவர்களின் படகு) வெளியே போய், அதன் கம்பத்தையும் மறுமுனை மிதவையையும் ஒரே கோட்டில் பிடித்துக் கரையைப் பாருங்கள். மிதவைக்குப் பின்னால் ஒரு மரமோ கட்டடத்தின் மூலையோ தெரியும். பிறகு கோட்டில் நிற்கும்போது மிதவையும் அந்த மரமும் சேர்ந்து தெரிந்தால் நீங்கள் கோட்டின் மேல் இருக்கிறீர்கள். ஒரு படகு நீளம் பின்னால் நின்று இரண்டாவது அடையாளம் ஒன்றும் பிடித்து வையுங்கள். கடைசி 30 நொடியில் அந்த இரண்டுக்கும் இடையில் இருங்கள், போதும்.

நேரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 5 நிமிடத்தில் வகுப்புக் கொடி, 4-இல் ஆயத்தக் கொடி, 1-இல் அது இறங்கும், பூஜ்யத்தில் புறப்பாடு. பார்க்க வேண்டியது அந்த ஆயத்தக் கொடி எது என்பது. பி கொடி என்றால் முந்தியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்கலாம். யூ கொடியோ கறுப்புக் கொடியோ ஏறினால், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டின் இரு முனைகளும் முதல் மார்க்கும் சேர்ந்த முக்கோணத்துக்குள் படகின் உடற்பகுதி (ஹல்) கொஞ்சம் போனாலும் விசாரணையே இல்லாமல் தகுதி நீக்கம். திரும்பி வந்தும் பயனில்லை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம்: ஸ்டார்ட் ரத்தாகி மறுபடி நடந்தால் யூ கொடியில் மாட்டியவர் ஓட்டலாம், கறுப்புக் கொடியில் மாட்டியவர் ஓட்ட முடியாது. பெரிய குழுக்களில் ஒருமுறை எல்லோரும் முந்திவிட்டால் அடுத்து கறுப்புக் கொடி ஏற வாய்ப்பு அதிகம். ஆகவே, இரண்டாவது முயற்சியில் ஒரு அடி பின்னாலேயே இருங்கள்.

சரி, 12 படகு வைத்துக்கொண்டு 60 படகு ஸ்டார்ட்டை எப்படிப் பழகுவது? கோட்டைச் சுருக்குங்கள். ஆறு படகு இருந்தால் 25 மீட்டர் கோடு போடுங்கள். மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 15 ஸ்டார்ட், மூன்று நிமிட எண்ணிக்கை, புறப்பட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டித் திரும்பி வாருங்கள். தனியாக இருக்கும் நாளில் ஒரு மிதவையின் பக்கத்தில் படகை இரண்டு நிமிடம் அசையாமல் நிறுத்திப் பழகுங்கள். பாய் படபடக்க, சுக்கானை மெல்லத் தொட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நழுவாமல் நிற்க வேண்டும். முதல் வாரம் 20 நொடி தாண்டாது. இதில் கை தேறியவரின் இடத்தை யாரும் பிடுங்க முடியாது. கடைசிப் பத்து நொடியில் உங்கள் கீழ்க்காற்றுப் பக்கம் ஒரு படகு அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதற்குள் சரிந்து இறங்கித்தான் வேகம் எடுக்கப் போகிறீர்கள்.

புறப்பட்ட பிறகு முதல் இரண்டு நிமிடம் ஒரே ஒரு வேலை: கெடாத காற்றில் ஓடுவது. முன்னால் இருப்பவரின் பாயிலிருந்து வரும் கலங்கிய காற்றில் மாட்டினால், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்ற உங்கள் கணிப்பு சரியாக இருந்தாலும் பலன் இல்லை. சில சமயம் தப்பான பக்கம் என்று தெரிந்தே டாக் செய்து, அதாவது மூக்கைக் காற்றுக்கு ஊடாக மறுபக்கம் திருப்பி, பத்து நொடி ஓடி, சுத்தமான இடம் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

காற்றைப் படிக்கக் களத்துக்குச் சில நாள் முன்பே போய்ச் சேருங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் கால் மணிக்கு ஒருமுறை திசைகாட்டி எண்ணை எழுதுங்கள்: 11:30 – 205, 11:45 – 212, 12:00 – 204, 12:15 – 211. இப்படி ஆடிக்கொண்டிருந்தால் காற்று முன்னால் வந்து அடிக்கும்போதெல்லாம் டாக் செய்தால் லாபம். 205, 210, 216, 221 என்று ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தால் அது வேறு கதை. அது திரும்பும் பக்கத்துக்கே முதலில் போய்விட வேண்டும். கடற்காற்று பிற்பகலில் மெல்லத் திரும்புவது வழக்கம். காற்றைப் பார்த்து நின்றால் வட கோளத்தில் வலப்பக்கம், தென் கோளத்தில் இடப்பக்கம். கரையின் அமைப்பு இதைக் குழப்பும், அதனால்தான் நோட்டுப் புத்தகம்.

அடுத்து விதி 42. உடம்பால் படகை ஆட்டியும் பாயை விசிறியும் வேகம் சேர்ப்பதற்கான தடை அது. சின்னப் போட்டிகளில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பழக்கங்கள் இங்கே மாட்டும். நடுவர்கள் ரப்பர் படகில் உங்கள் பின்னாலேயே வருவார்கள். விசில், மஞ்சள் கொடி, உங்கள் பாய் எண். பின்னிணைப்பு பி நடைமுறையில் இருந்தால், முதல் முறை உடனே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டலாம். இரண்டாம் முறை அந்த ரேஸிலிருந்து விலக வேண்டும். மூன்றாம் முறையும் விலக வேண்டும், அந்த ரேஸின் புள்ளியைக் கழிக்கவும் முடியாது; விலகாவிட்டால் ரெகாட்டாவின் எல்லா ரேஸிலும் தகுதி நீக்கம். காற்றோடு ஓடும்போது உங்களைப் பின்னாலிருந்து காணொளி எடுக்கச் சொல்லுங்கள், அதை இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செயிலிங் வெளியிட்டிருக்கும் விதி 42 விளக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உடம்பு ஆடுவது நமக்குத் தெரியாது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் சர்வதேசப் போட்டியின் மூன்றாம் நாள். அதுவரை எங்கள் குழு வெளிச்சுற்றில் ஓடியது. அன்று கமிட்டி படகில் உள்சுற்றுக்கான பலகை வைத்திருந்தார்கள், நான் பார்க்கவில்லை. ஒன்பதாவதாக மார்க்கைத் திரும்பியவள், முந்தைய குழுவின் கடைசிப் படகுகளைத் தொடர்ந்து வெளிச்சுற்றுக்குப் போய்விட்டேன். ஒன்பது என்று எழுத வேண்டிய இடத்தில் கடைசிப் புள்ளி. அன்றிலிருந்து பாதைப் பலகையில் இருப்பதை டெக்கில் மெழுகுப் பென்சிலால் எழுதாமல் நான் தொடங்கியதில்லை. போட்டி அறிவிப்பையும் ஓட்ட அறிவுறுத்தல்களையும் வீட்டிலேயே இரண்டு முறை படியுங்கள். அறிவிப்புப் பலகையை தினமும் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. விதிப் புத்தகம் 2025–2028 பதிப்புதானா என்றும் பாருங்கள். உங்கள் படகு 6 மீட்டருக்குக் குறைவானது, ஆகவே புகார் செய்ய சிவப்புக் கொடி தேவையில்லை. ஆனால் ‘புரோட்டெஸ்ட்’ என்று உடனே உரக்கக் கத்தியாக வேண்டும். கரைக்கு வந்து சொன்னால் செல்லாது.

வாடகைப் படகு கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் உடனே நீரில் இறக்காதீர்கள். பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் அடையாளம் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் படகின் வயிற்றுக்குள் ஒழுகுகிறது, மாற்றிக் கேளுங்கள். சுக்கான் மாட்டும் கொண்டிகள் ஆடுகின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். படகுக்கு வெளியே சாய்ந்து உட்காரும்போது (ஹைக்கிங்) கால் மாட்டும் பட்டையின் கயிறு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் நேராக முதுகுப்பக்கம் நீரில்தான். பாயின் வடிவத்தைச் சரிசெய்யும் கன்னிங்ஹாம், அவுட்ஹால், வாங் ஆகியவற்றின் கயிறுகளையும் கப்பிகளையும் சொந்தமாகக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். பழகிய கயிறு கையில் இருந்தால் அந்நியப் படகு பாதி உங்கள் படகாகிவிடும். பாயில் நாட்டின் மூன்று எழுத்தும் எண்ணும் விதிப்படி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பரிசோதனைக்கு முன்பே சரிபாருங்கள்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு நாளில் இரண்டு மூன்று ரேஸ், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம், நடுவில் காற்றுக்காகக் காத்திருப்பு. தொடையும் இடுப்பும் நான்காம் நாளில் பேசும். வாரத்தில் மூன்று நாள் ஹைக்கிங் பெஞ்சும் சைக்கிளும் போதும். கடைசி வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் பயிற்சியாளர் படகில் மட்டும் வைக்காமல் உங்களோடும் கொஞ்சம் வையுங்கள், ரேஸ் நடக்கும்போது அந்தப் படகு உங்கள் அருகில் வர முடியாது.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு, தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டிக் காலத்தில் ஓர் அளவுக்கு மேல் தடை செய்யப்பட்டது. ஆஸ்துமா போன்றவற்றுக்கு எதையாவது தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால், முன் அனுமதி தேவையா என்று அணி மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

அப்புறம், கடைசியில் வருவதைப் பற்றி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் படகுப் போட்டிகள் புசானில் நடந்தன. கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் வகுப்பில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தவர். பலத்த காற்றில் கவிழ்ந்து கிடந்த இரண்டு சிங்கப்பூர் வீரர்களைப் பார்த்ததும் ரேஸை விட்டுவிட்டுப் போய்த் தூக்கினார். நடுவர்கள் அந்த ரேஸில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது விதிப் புத்தகத்தில் முதல் விதி. அப்படி நின்றால் ஈடு கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு, அதற்கு உரிய படிவத்தை நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். லெமியூ போட்டிப் பதக்கம் வாங்காமல் திரும்பியவர். ஆனாலும் அந்தச் செயலுக்காக இன்றும் அவர் நினைவில் வைக்கப்படுகிறார்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: பயணச்சீட்டு போடுவதற்கு முன் அணி நிர்வாகத்துக்கு எழுதி, போட்டிக்கு ஐந்து நாள் முன்பாவது போய்ச் சேருவதற்கு அனுமதி கேளுங்கள். வாடகைப் படகை அந்த நாளிலிருந்தே எடுக்க முடியுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.