ஜீன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

ரத்தக் கொதிப்பு, வலிப்பு, தொற்றுநோய் மூன்றிலும் மரபணு ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். நான் மரபணு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், டாக்டர் இல்லை. அதனால் யாருடைய மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன்.

அம்மாபேட்டை: அக்கா, வணக்கம். என் அப்பா, பெரியப்பா, பாட்டி மூன்று பேருக்கும் பி.பி. எனக்கு 34 வயது, தறி ஓட்டுகிறேன். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் ஜீன் பார்த்து பி.பி. வருமா என்று சொல்லிவிடுகிறார்களாம். பார்க்கலாமா?

அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பி.பி. மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

2018-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவையும் ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதோடு சேர்த்து, மரபணுத் தொகுப்பில் பி.பி.யோடு தொடர்புடைய இடங்கள் 901 ஆயின. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாக 1 மி.மீ. பாதரசம்கூட அழுத்தத்தை ஏற்றுவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினாலும் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் சிறு பங்கைத்தான் விளக்க முடிகிறது. போதாததற்கு, அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்து, இந்த இடங்களைக் கூட்டிப் போட்ட ஆபத்து மதிப்பெண் நம்மவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

வீட்டில் மூன்று பேருக்கு பி.பி. என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிகிறது. எச்சில் குப்பி அதைவிட அதிகமாக எதையும் சொல்லப்போவதில்லை. தறிச் சத்தத்திலிருந்து எழுந்து வந்தவுடன் அளக்காமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளந்து எழுதி வையுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாயங்காலம் ஒரு தட்டுவடை செட், ராத்திரி சோற்றோடு ஊறுகாய், அப்பளம் என்று போனால் அது எப்போதோ தாண்டியிருக்கும்.

அழகாபுரம்: அப்படியென்றால் பி.பி.யில் ஜீன் ஆராய்ச்சியால் பயனே இல்லையா?

இருக்கிறது. ஆயிரம் ஜீன் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் இடத்தில் இல்லை, ஒரே ஜீன் உடைந்து மொத்தக் குடும்பத்தையும் பிடிக்கும் இடத்தில்.

1963-ல் லிடில் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு குடும்பத்தை விவரித்தார். சின்ன வயதிலேயே பி.பி., ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. சிறுநீரகத்தில் உப்பை உள்ளே இழுக்கும் கதவு மூடாமல் போவதுதான் காரணம் என்பது 1990-களில் ரிச்சர்ட் லிப்டன் குழுவின் ஆய்வில் தெரிந்தது. அதே குழு 1992-ல் இன்னொரு வகையையும் பிடித்தது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டு உடம்பில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் தேவையில்லாமல் சுரக்கிறது. இரண்டுக்கும் வழக்கமான மாத்திரைகள் சரியாகப் பிடிக்காது. லிடில் வகைக்கு அமிலோரைடு கேட்கும், ஸ்பைரோனோலாக்டோன் கேட்காது. இரண்டாவது வகைக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு போதும். ஜீன் தெரிந்தால் மருந்தே மாறுகிறது.

இவை அபூர்வம். ஆனாலும் 30 வயதுக்கு முன்பே பி.பி., மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை, பொட்டாசியம் குறைவு, வீட்டில் சின்ன வயதில் பக்கவாதம் என்று இருந்தால் டாக்டரிடம் ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஜீன் பரிசோதனை அதற்கு அப்புறம்தான்.

ஏற்காடு: என் பையனுக்கு 9 வயது. குளிருக்கு நன்றாகச் சூடான வெந்நீரைத் தலையில் ஊற்றினால் சில நாள் அப்படியே வெறித்துப் பார்க்கிறான், உதடு துடிக்கிறது. வேறு நேரத்தில் ஒன்றுமில்லை. மாமியார் காத்து கருப்பு என்கிறார்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இது வெந்நீர் வலிப்பு போலத்தான் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும்விட தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தின் தென்பகுதியில், இது அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கானவர்களிடம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தலையில் சொம்பு சொம்பாக, வேகமாக, 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை ஊற்றும்போது வருகிறது. பையன்களுக்குத்தான் கூடுதல்.

சில வீடுகளில் அண்ணன் தம்பி, மாமா என்று பலருக்கு இருப்பதால் மரபணுவைத் தேடினார்கள். 2017-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் சில குடும்பங்களில் எஸ்.எல்.சி.1ஏ1 என்ற ஜீனில் அபூர்வ மாற்றங்களைக் கண்டார்கள். மூளையில் சேரும் குளுட்டமேட்டை அப்புறப்படுத்தும் புரதத்தைச் செய்யும் ஜீன் அது. குளுட்டமேட் நரம்புகளைத் தூண்டிவிடும் பொருள். எல்லாக் குடும்பத்துக்கும் இதுதான் காரணம் என்று இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், தலைக்குத் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கதவைத் தாழிடாமல். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒருமுறை போனில் வீடியோ எடுத்துப் போங்கள், ஆயிரம் வார்த்தை மிச்சம். சிலருக்குக் குளிப்பதற்கு முன் மட்டும் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை தருவார்கள், அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். மந்திரிக்கட்டும், டாக்டரையும் பார்க்கட்டும்.

ஆத்தூர்: தங்கைக்கு 19 வயதில் ஒருமுறை பிட்ஸ் வந்தது. ஸ்கேனில் மூளையில் ஒரு புழுக்கட்டி என்றார்கள், மருந்து சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. வரன் பார்க்க வந்தவர்கள் "பரம்பரை வியாதி" என்று விலகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வருமா?

வராதும்மா. அது தொற்று. நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான கை, தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளையில் தங்குவது. பன்றி இறைச்சியே தொடாத வீட்டிலும் வரும். இந்த ஊர்ப் பக்கம் வலிப்புக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

பரம்பரை வகை வலிப்பிலும்கூட, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்து அளவுதான். மீதி தொண்ணூற்றைந்தை யாரும் பேசுவதில்லை. இன்னொன்று, இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு காரணமாக இருந்ததை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். வந்தவர்கள் இருபத்தைந்து வருடம் பின்னால் இருக்கிறார்கள்.

ஓமலூர்: அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். மகனுக்கு வலிப்பு. அதனால்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாய்மாமன் திருமணத்தில் பிள்ளையின் ஜீன் ஜோடிகளில் எட்டில் ஒன்று ஒரே மூதாதையிடமிருந்து வந்த, ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பிரதிகளாக அமைகிறது. அத்தை மகள், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் நோய்களுக்கு இது வாய்ப்பைக் கூட்டும். லபோரா என்ற வகை அப்படிப்பட்டது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பதின்வயதில் வலிப்பு தொடங்கி, நாளாக ஆக நினைவும் மங்கும். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் இந்த ரகமில்லை.

மகனுக்கு ஒரு வயதுக்குள், காய்ச்சலோடு நீண்ட வலிப்பாகத் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் டிராவெட் என்ற வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எஸ்.சி.என்.1ஏ ஜீன் கோளாறு அது, 2001-ல் கண்டுபிடித்தார்கள். சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் பிள்ளையிடம் புதிதாக உண்டாவது. ஆனால் தெரிந்துகொள்வது அவசியம். வழக்கமாகத் தரும் கார்பமசெபின், பினிடோயின் இரண்டும் இதில் வலிப்பைக் கூட்டிவிடலாம்.

சூரமங்கலம்: வலிப்பு மாத்திரையால் உடம்பெல்லாம் தோல் உரியும் என்கிறார்களே?

கார்பமசெபினுக்கு அரிதாக அப்படி நடக்கும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற வகை ஜீன் உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம் என்று 2004-ல் தைவானில் கண்டார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் இதைப் பரிசோதிக்கச் சொல்லி 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. சீனா, தாய்லாந்து பக்கம் அளவுக்கு இந்தியாவில் இது பரவலாக இல்லை, ஆனால் இங்கும் பார்த்திருக்கிறார்கள். புது மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தடிப்பு சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வாழப்பாடி: அப்பா பல வருடமாக வலிப்புக்குப் பினிடோயின் சாப்பிடுகிறார். இப்போது டி.பி. மருந்து தொடங்கியிருக்கிறார்கள். தள்ளாடுகிறார், தூங்கி வழிகிறார்.

இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்துச் சீட்டையும் இன்றே காட்டுங்கள். இது அவசரம்.

டி.பி. மருந்தான ஐசோனியாசிடை உடம்பு கழிக்கும் வேகத்தை நேட்-2 என்ற ஒரே ஜீன் தீர்மானிக்கிறது. சிலருக்கு வேகம், சிலருக்கு மெதுவு. இதில் நம் ஊர் ஆய்வு உலகத்துக்கே வழிகாட்டியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தரும் முறையில் வேகமாகக் கழிப்பவர்களுக்குப் பலன் குறைவதைக் காட்டியது. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேல் மெதுவாகக் கழிப்பவர்கள். அவர்களிடம் ஐசோனியாசிட் தேங்கி, பினிடோயின் வெளியேறுவதையும் தடுக்கும். அப்போது வருவதுதான் தள்ளாட்டமும் தூக்கமும். கூடவே தரும் ரிபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கும். அதனால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, ரத்தத்தில் பினிடோயின் அளவைப் பார்த்தே ஆகவேண்டும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரலசின் என்ற பழைய பி.பி. மருந்தைக் கழிப்பதும் இதே நேட்-2. டி.பி., வலிப்பு, பி.பி. மூன்று வார்டிலும் ஒரே ஜீன்.

செவ்வாய்பேட்டை: நாங்கள் வைசியர். ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் சமூகத்தைக் கேட்டார். கோபம் வந்தது.

கோபம் நியாயம்தான், அவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். உங்கள் சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது இருந்தால், தசையைத் தளர்த்தத் தரும் சக்சமெத்தோனியம் நிமிடங்களில் கலையாமல் மணிக்கணக்கில் நிற்கும், மூச்சுத் தசையும் எழாது. வீட்டில் யாருக்காவது அப்படி ஆகியிருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி: கொரோனாவுக்கும் ஜீன் உண்டா?

உண்டு. மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு, நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஒரு பிரதியாவது இருக்கிறது என்று 2020-ல் சேபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற மரபணு ஆய்வாளர்கள் எழுதினார்கள். தீவிர நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும். ஆனாலும் வயதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

நாகலூர்: எங்கள் மலைக் கிராமத்தில் சிக்கிள் செல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு முறை "ஆராய்ச்சி" என்று எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை.

இரண்டும் வேறு வேறு. முதலாவது, ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் என்ற பரம்பரை நோய்க்காக 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பார்ப்பது இலக்கு. அந்த நோயின் ஜீன் ஒரு பிரதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் நலமாக இருப்பீர்கள், மலேரியாவிலிருந்து பாதுகாப்புகூட உண்டு. ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954-ல் ஆப்பிரிக்காவில் காட்டியது அதுதான். கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. அதனால் முடிவை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது உதவும்.

இரண்டாவது நடந்த விதம் சரியில்லை. எதற்காக, ரத்தத்தை எங்கே வைப்பார்கள், யாருக்குத் தருவார்கள் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. பாதியில் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அடுத்த முறை வந்தால் தகவல் தாளின் ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் நெறிமுறைக் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். இல்லையென்றால் நீட்ட வேண்டாம்.