கிளுவை வேலியில் வடியும் பிசினைச் சாம்பிராணியாகப் போடலாமா?

உச்சிப்புளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கொல்லை வேலியில் நிற்கும் கிளுவையில் பிசின் வடிந்து கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறதாம், அதை நெருப்பில் போட்டு நான்கு மாதப் பிள்ளைக்குத் தலை காயவைக்கலாமா, மாமியாரின் மூட்டுவலிக்கு உள்ளுக்குக் கொடுக்கலாமா என்று.

பிள்ளைக்கு வேண்டாம். கிளுவை மட்டுமில்லை, அசல் சாம்பிராணியே ஆனாலும் கைக்குழந்தையின் மூச்சுக்குப் புகை ஆகாது. துண்டால் துவட்டி, வெயில் படுகிற திண்ணையில் கொஞ்சநேரம் வைத்திருந்தாலே தலை காய்ந்துவிடும். வீட்டுக்குப் போட ஆசையிருந்தால் பிள்ளை இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

அதற்கு முன்னால் அது கிளுவைதானா என்று பாருங்கள், ஏனென்றால் நம் பக்கம் உடைமரம், வேலிக்கருவை, வேம்பு எல்லாமே பிசின் விடும். ஒரு கட்டியை வெந்நீரில் போடுங்கள். கருவைப் பிசின் கரைந்து கொழகொழவென்றாகும், தணலில் போட்டால் உப்பிக் கருகிச் சர்க்கரை தீய்ந்த நாற்றம்தான் வரும். கிளுவையில் தண்ணீரில் கரையும் பிசினும் கரையாத வாசப் பிசினும் கலந்திருப்பதால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், தணலில் உருகி வாசமாகப் புகையும். அசல் சாம்பிராணி வேறு மரம், சுமத்ராவிலிருந்து வருவது. உடைத்தால் பழுப்புக் கட்டிக்குள் வெள்ளைப் பருப்பு பதித்த மாதிரி தெரியும், அதனால் தூளாக வாங்காமல் கட்டியாகவே வாங்குங்கள். வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்காரர்கள் கொண்டுவரும் லுபான் இன்னொன்று, அது ஓமன், சோமாலியா பக்கத்து மரம். அந்தக் காலத்தில் வள்ளத்துக்குக் கலப்பற்று அடிக்க, அதாவது பலகை இடுக்குகளை அடைக்க, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமோ மலைக்காட்டு மரத்துப் பால். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

சரி, மாமியார் விஷயம். மூட்டுவலிக்குச் சொல்லப்படும் குக்குலு, கிளுவை இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலத்து மரம். வேலிக் கிளுவையை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். குக்குலுவையே கூட, தைராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது.

அப்புறம் தங்கச்சி, பிசின் கூடுதலாக வரட்டும் என்று பட்டையை அரிவாளால் கொத்திவிடாதீர்கள். ஆழமாகக் கீறிக் கீறியே குக்குலு மரங்கள் பட்டுப்போய், இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. தானாக வடிந்து காய்ந்ததை மட்டும் நகத்தால் பெயர்த்தெடுங்கள், வீட்டுக்குப் புகை போட ஒரு சுண்டைக்காய் அளவே போதும்.