வாசகர் கேள்வி பதில்: கூட்டல் பிழைத்தால் கேர்னல் திறக்குமா?

கேள்வி: உவர்மலையில் உயர்தர மாணவர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறேன். எல்லோரும் ஒரே லினக்ஸ் சேவையகத்தில் தத்தமது கணக்கினூடாக நுழைந்து பயிற்சி செய்கின்றனர். இயக்க முறைமையின் மையப் பகுதியான கேர்னலின் நினைவக முகாமைத்துவத்தில் ‘முழுவெண் வழிவு’ என்னும் குறைபாடு திருத்தப்பட்டுள்ளதாக அண்மையில் ஓர் அறிவித்தல் வந்தது. கணினியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவரால் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்றும் அதில் இருந்தது. ஒரு கூட்டல் பிழைப்பதால் கணினியே கைமாறுவது எப்படி? தவணைப் பரீட்சை முடியும்வரை புதுப்பித்தலை ஒத்திப்போடலாமா?
— வாசகர், உவர்மலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை தருகிறேன்: ஒத்திப்போட வேண்டாம். காரணம் முதலாவது கேள்விக்கான விடையில் இருக்கிறது.

32 பிட் (இரும இலக்கம்) கொண்ட, குறியற்ற ஓர் எண் 4,294,967,295 வரை செல்லும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால், மோட்டார் சைக்கிளின் கிலோமீற்றர் மானி கடைசி இலக்கத்தைத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்புவதுபோல, அதுவும் சுழியமாகிவிடும். இதுவே முழுவெண் வழிவு. பழைய 32 பிட் லினக்ஸில் வழமையான அமைப்பின்படி முகவரிகளின் முதல் 3 கிகாபைட் பயனரின் நிரல்களுக்கும் எஞ்சிய 1 கிகாபைட் கேர்னலுக்கும் உரியவை. எல்லைக்கோடு 3,221,225,472 என்ற முகவரியில் இருந்தது. ஒரு நிரல், 3,000,000,000 என்ற முகவரியிலிருந்து 1,500,000,000 பைட் நீளமான பகுதியைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கூட்டுத்தொகை 4,500,000,000. ஆனால் 32 பிட்டில் எஞ்சுவது 205,032,704 மட்டுமே. ‘முடிவு முகவரி எல்லைக்குள் இருக்கிறதா?’ என்று மட்டும் பார்க்கும் சோதனை, அந்தச் சிறிய எண்ணைக் கண்டு அனுமதி வழங்கிவிடும். கேர்னலுக்கே உரிய நினைவகம் இவ்வாறு சாதாரண நிரலொன்றின் கைக்கு எட்டிவிட்டால், ‘இந்தப் பயனர் யார்’ என்று கேர்னல் எழுதிவைத்திருக்கும் இடத்திலேயே ‘ரூட்’, அதாவது எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகி, என்று மாற்றி எழுதிவிடலாம்.

இது ஏட்டளவில் நின்ற ஆபத்தன்று. லினக்ஸ் 2.4.22 வரையான கேர்னல்களில், ஒரு நிரலின் நினைவகப் பரப்பை விரிக்கும் ‘பிஆர்கே’ அழைப்பை (நிரல் கேர்னலிடம் விடுக்கும் கோரிக்கையை) கையாளும் செயற்கூறில் எல்லைச் சோதனை இருக்கவேயில்லை. 2003 நவம்பரில் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் திட்டத்தின் சேவையகங்கள் சில இதனூடாகவே கைப்பற்றப்பட்டன. நுழைந்தவர், திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு, எந்தச் சிறப்புரிமையும் அற்ற கணக்கொன்றில் முதலில் புகுந்தார். எஞ்சியதைக் கேர்னலின் குறைபாடு செய்து கொடுத்தது. ‘கணக்கு உள்ளவரால் மட்டுமே’ என்ற நிபந்தனை எவ்வளவு மெல்லிய வேலி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தங்கள் வகுப்பிலோ மாணவர் தொகை அளவுக்குக் கணக்குகள் இருக்கின்றன. உயர்தர மாணவர்களின் கடவுச்சொற்கள் எத்தகையவை என்பதை என்னைவிடத் தாங்கள் நன்கறிவீர்கள்.

அந்தக் குறைபாட்டுக்கான திருத்தம் அதே ஆண்டு செப்டெம்பரிலேயே முன்னோட்டப் பதிப்புகளில் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு முக்கியத்துவம் அப்போது உணரப்படாததால், நிலையான 2.4.23 பதிப்பு நவம்பர் இறுதியில் வெளியாகும்வரை பலரிடம் அது சென்று சேரவில்லை. திருத்தம் என்னவோ இரண்டே நிபந்தனைகள்தாம்: கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டக் கூடாது, அது தொடக்க முகவரியைவிடச் சிறியதாகவும் இருக்கக் கூடாது. வழிந்த எண்ணைப் பிடிப்பது இந்த இரண்டாவது நிபந்தனையே.

புதிய கேர்னலை நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். சேவையகத்தை மீளத் தொடக்கும்வரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கேர்னல்தான். வகுப்பு இல்லாத ஒரு மாலைப்பொழுது இதற்குப் போதும்.

கேள்வி: இப்போது எல்லாக் கணினிகளும் 64 பிட் ஆகிவிட்டனவே. அவ்வளவு பெரிய எண் எப்படி நிரம்பும்?
— வாசகர், கிண்ணியா

பதில்: செயலி 64 பிட் ஆனாலும், நிரலுக்குள் இருக்கும் மாறிகள் எல்லாம் 64 பிட் ஆகிவிடுவதில்லை. 2016 ஜனவரியில் வெளிப்பட்ட குறைபாடொன்றில், மறைகுறியீட்டுத் திறவுகோல்கள் போன்ற இரகசியங்களை வைத்திருக்கும் கேர்னலின் திறவுகோல் வளையம் ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதை எண்ணிய மாறி 32 பிட் அளவினதாக இருந்தது. அதே அழைப்பை மீண்டும் மீண்டும் செய்து எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தபோது, யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பிய கேர்னல், பயன்பாட்டில் இருந்த நினைவகத்தையே விடுவித்துவிட்டது. கோர் ஐ7 செயலியொன்றில் இதற்கு ஏறத்தாழ அரை மணி நேரமே சென்றது. 2021 இல் வெளிப்பட்ட ‘செக்கோயா’ குறைபாட்டில், 64 பிட் அளவொன்று ஓரிடத்தில் 32 பிட் முழுவெண்ணாகக் குறுக்கப்பட்டது. மொத்தப் பாதைப் பெயர் 1 கிகாபைட்டைத் தாண்டும்படி கோப்புறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அமைத்து அதைப் பயன்படுத்த முடிந்தது. அவ்வளவு நீளமான பாதையை எவரும் உருவாக்கமாட்டார் என்ற எண்ணம், தாக்குபவருக்குப் பொருந்தவில்லை.

கேள்வி: சி மொழியில் இத்தகைய பிழை நேராமல் எழுதுவது எப்படி?
— பல்கலைக்கழக மாணவி, நிலாவெளி

பதில்: கணக்கைச் செய்தபின் சோதிக்காமல், செய்யுமுன் சோதியுங்கள். தொடக்கம் எல்லைக்குள் இருப்பதை உறுதிசெய்தபின், எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வரும் விடையுடன் நீளத்தை ஒப்பிட்டால் வழிவதற்கே இடமிராது. குறியுள்ள எண்களில் இது கட்டாயம்; அவற்றின் வழிவைச் சி மொழி வரையறுக்காததால், பின்னால் வைக்கும் சோதனையைத் தொகுப்பி தேவையற்றதென்று நீக்கிவிடவும் கூடும்.

பெருக்கலில் இன்னும் கவனம் வேண்டும். 16 பைட் கொண்ட பதிவுகள் 268,435,457 வேண்டுமென்று கேட்டால், 32 பிட்டில் பெருக்கற்பலன் வெறும் 16 ஆகும். ஒரேயொரு பதிவுக்கான இடத்தை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அயல் நினைவகத்தின்மேல் எழுதத் தொடங்கும் நிரல். கேர்னலுக்குள் எழுதுவதாயின் ‘கேகாலொக்’, ‘கேமாலொக்_அரே’ ஆகிய நினைவக ஒதுக்கீட்டுச் செயற்கூறுகளையே பயன்படுத்துங்கள். பெருக்கல் வழிந்தால் இவை இடம் தர மறுத்துவிடும். 2018 இல் வெளியான 4.18 கேர்னல் பதிப்பில் சேர்ந்த, ஒதுக்க வேண்டிய அளவைக் கணக்கிடும் ‘ஸ்ட்ரக்ட்_சைஸ்’, வழியும் கணக்குக்கு விடையாக மிகப்பெரிய எண்ணையே தருகிறது. அவ்வளவு நினைவகம் எந்தக் கணினியிலும் கிடைக்காதாகையால் ஒதுக்கீடு தோல்வியடைந்து நிரல் பாதுகாப்பாகத் திரும்பிவிடும்.