விடுதி பிடிக்கவில்லை என்று மகள் அழுகிறாள். அறையைக் காலி செய்துவிடலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் சென்னைக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்து, கல்லூரி விடுதியில் மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறார். சேர்ந்து 16 நாள்கள் ஆகின்றன. தினமும் இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குப் பேசும்போது அழுகிறார். அறைத் தோழியர் இருவரும் நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணைப்பதில்லை, மெஸ் சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வார இறுதிகளிலும் ஊருக்கு வந்துவிட்டார். இதற்கிடையே, கல்லூரியில் இடம் பிடிக்க உதவிய ‘தெரிந்த மனிதர்’ ஒருவர், கல்லூரி வாசலுக்கு எதிரிலேயே நல்ல பி.ஜி. (வாடகைக்குத் தங்கும் தனியார் விடுதி) இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தால் போதும் என்றும், விடுதிக் கட்டணம் முழுவதையும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைக் காட்டித் திரும்ப வாங்கித் தருவதாகவும் சொல்கிறாராம். காலி செய்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

இப்போது செய்ய வேண்டாம் என்பதே என் பதில். ஒரு மகளிர் விடுதியில் பல ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இன்று தேவைப்படுவது வேறொரு அறையாக இருக்கலாம். வேறொரு கட்டடம் தேவைப்படுவதாக உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று வாரங்களை வைத்து ஒரு விடுதியையோ, அங்கே தங்கியிருக்கும் பெண்ணையோ எடைபோட முடியாது. பொறியியல் கல்லூரிகளில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சியோடுதான் முதலாமாண்டு தொடங்குகிறது. பாடச்சுமை இன்னும் வந்து இறங்காத அந்த நாள்களில் மாலை நான்கு மணிக்குமேல் மாணவிக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடப்பதால் எல்லாரும் ஒரே நாளில் வந்து சேர்வதுமில்லை. முன்னதாக வந்த இருவர் நெருங்கிப் பழகிவிட்ட அறைக்குள் மூன்றாவதாக நுழைகிறவர் சில நாள்கள் வெளியாளாகவே இருப்பார். வீட்டு நினைவு பகலில் அடங்கிக் கிடந்து, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தலைதூக்கும். வகுப்புகள் முழுமையாகத் தொடங்கி, ரெக்கார்டு நோட்டும் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வும் எதிரே வந்து நின்றபின், பெரும்பாலான பெண்களுக்கு அழுவதற்கு நேரமே இருப்பதில்லை. ஆகவே முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடியும் வரை எந்த முடிவும் எடுப்பதில்லை என்று மகளிடமே சொல்லிவிடுங்கள். அதுவரை பொறுத்தால் போதும் என்று நாள் குறித்துக் கொடுத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அந்த ஒன்பதரை மணி அழைப்பை மாற்றுங்கள். நாள் முழுதும் களைத்து, அறைத் தோழியருக்குக் கேட்காதபடி மாடிப்படியில் உட்கார்ந்து பேசும் ஒரு பெண்ணிடம், எடுத்த எடுப்பில் “சாப்பிட்டாயா?” என்று அம்மா கேட்டால், சாப்பிட்டிருந்தாலும் அழுகைதான் வரும். மாலை ஆறு மணிக்கு, மெஸ்ஸுக்குப் போகும் முன் பேசுங்கள். பேசி முடித்தபின் சாப்பாடும் படிப்பு நேரமும் ஆள் கணக்கெடுக்கும் ரோல் காலும் அடுத்தடுத்து அவரை இழுத்துக்கொள்ளும். வார இறுதிப் பயணங்களையும் நிறுத்துங்கள். வெள்ளி இரவு பேருந்து ஏறி, ஞாயிறு இரவு மறுபடியும் ஏறி, திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் உட்காரும் பெண் எந்த இடத்திலும் வேரூன்ற மாட்டார்; வெள்ளி பிற்பகல், திங்கள் முற்பகல் வகுப்புகள் கைநழுவி, 75 விழுக்காடு வருகைப்பதிவு வேறு அடிவாங்கும். ஆயுத பூசை விடுமுறைக்கு வரட்டும்.

மெஸ் சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. எந்த மெஸ்ஸும் வீடாகாது. மெஸ் குழுவில் முதலாமாண்டுப் பிரதிநிதி உண்டா என்று கேட்டு, இருந்தால் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அறை விஷயம் அப்படியில்லை. அதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நள்ளிரவு வரை எரியும் விளக்கு சிறிய குறையாகத் தோன்றும். ஆனால் தூக்கம் கெட்ட பெண்ணுக்கு இட்லியும் கசக்கும், தோழியின் சிரிப்பும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே படும். முதல் வேலையாக, அறையில் உள்ள மூவரும் பதினோரு மணிக்குமேல் பெரிய விளக்கு வேண்டாம், மேசை விளக்கு மட்டும் போதும் என்று வாய்ப்பேச்சாகவாவது ஓர் ஏற்பாட்டுக்கு வர முடிகிறதா என்று பார்க்கட்டும். இதை மகளே பேச வேண்டும். நீங்கள் அந்தப் பெண்களின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தீர்களானால் காரியம் கெட்டது.

அது பலிக்கவில்லையென்றால் அறை மாற்றம் கேட்கலாம். இங்கே வெளியில் அதிகம் தெரியாத ஒரு நடைமுறை உண்மை உண்டு. பொறியியலில் சேர்ந்துவிட்டு மருத்துவத்துக்கோ வேளாண்மைக்கோ வேறு கல்லூரிக்கோ இடம் கிடைத்துப் போய்விடுகிற மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அந்தக் கலந்தாய்வுச் சுற்றுகள் முடிய முடிய விடுதியில் கட்டில்கள் காலியாகும். இரண்டாம் வாரத்தில் ‘இடமே இல்லை’ என்று கைவிரித்த அலுவலகம் ஆறாம் வாரத்தில் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும். அப்போது யாருடைய விண்ணப்பம் தேதியோடு கோப்பில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதலில் கிடைக்கும். ஆகவே விண்ணப்பத்தை இப்போதே கொடுத்து வையுங்கள். அதில் அறைத் தோழியர்மீது புகார் எழுத வேண்டாம். புகார் என்றால் விசாரணை வரும், விசாரணை வந்தால் அந்தத் தளம் முழுவதும் உங்கள் மகளை ஒரு மாதிரியாகப் பார்க்கும். ‘இரவில் உறக்கம் கெடுவதால் வேறு அறை ஒதுக்கித் தரவும்’ என்ற ஒரு வரி போதும். அதைவிட நல்லது, இடம் மாற விரும்பும் இன்னொரு மாணவியைக் கண்டுபிடித்து, இருவரும் கையொப்பமிட்டுப் பரஸ்பர மாற்றமாகக் கேட்பது. கட்டில் எண்ணிக்கை மாறாத வேலை என்பதால் காப்பாளர் தயங்காமல் கையெழுத்திடுவார். நகலில் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி முதல்வருக்கு எழுதுவதால் பெரும்பாலும் பயனில்லை. காகிதம் சுற்றிச் சுற்றி அதே துணைக் காப்பாளரின் மேசைக்குத்தான் வந்து சேரும், அதுவும் பத்து நாள் தாமதமாக. இந்த ஏற்பாட்டின்மீது எனக்கு உள்ள கோபத்தை மறைக்க விரும்பவில்லை. பல கல்லூரிகளில் காப்பாளர் என்பவர் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு ‘கூடுதல் பொறுப்பாக’ விடுதியைப் பார்க்கும் ஒரு பேராசிரியர். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அவர் ஒருவர். அவருக்கு உதவியாக, வெளியே போக அனுமதி எழுதும் அவுட் பாஸ் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொட அதிகாரமில்லாத ஓர் ஊழியர். சேர்க்கையின்போது பெற்றோரிடமிருந்தும் மாணவியிடமிருந்தும் உறுதிமொழிப் பத்திரங்கள் வாங்கி அடுக்கி வைப்பதில் காட்டும் அக்கறையில் கால்பங்கை, எந்தப் பெண் பத்து மணிக்குத் தூங்குவாள், எந்தப் பெண் இரவு கண்விழித்துப் படிப்பாள் என்று கேட்டு அறை ஒதுக்குவதில் காட்டினால், எனக்கு வரும் கடிதங்களில் பாதி வராது. விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் ஆண்டு வருமானத்துக்கு இடம் உண்டு, தூங்கும் நேரத்துக்கு இல்லை.

இனி அந்தத் ‘தெரிந்த மனிதர்’. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மகளின் அழுகையைவிட இவர்தான். இத்தகைய ஆள்களை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பார்த்திருக்கிறேன். சேர்க்கை முடிந்ததும் அவர்களுடைய தொழில் நின்றுவிடுவதில்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று சொன்னவர், அடுத்து விடுதியிலிருந்து பிள்ளையைப் பிரித்து பி.ஜி.க்குக் கொண்டுபோகிறார். பி.ஜி. நடத்துபவரிடமிருந்து அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகும். வீட்டை நினைத்து அழும் பிள்ளையும், அதைக் கேட்டுப் பதறும் பெற்றோரும்தான் அவருக்கு முதலீடு.

யு.ஜி.சி. விதியைக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கித் தருவதாக அவர் சொல்வது அரைகுறை உண்மைகூட இல்லை. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கை, படிப்பையே விட்டுவிட்டுச் சேர்க்கையை ரத்து செய்கிறவர்களுக்கு எந்தத் தேதிக்குள் எவ்வளவு விழுக்காடு கட்டணம் திரும்பத் தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கல்லூரியில் தொடர்ந்து படித்துக்கொண்டு விடுதியை மட்டும் காலி செய்கிறவருக்கு அதைக் கொண்டு வாதாட முடியாது. அவருக்குப் பொருந்துவது, சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட விடுதி விதிமுறைத் தாள். அதில் பெரும்பாலும் ஆண்டு அறைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்றும், காஷன் டெபாசிட் (பாதுகாப்பு வைப்புத்தொகை) மட்டும் பாக்கி போகத் தரப்படும் என்றும் எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து, ஒரு வரி விடாமல் படியுங்கள். நான் கேட்டவரையில் பெற்றோர் பலர் அதைப் படிக்காமலேதான் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வாசலுக்கு எதிரில் இருக்கிறது என்பதற்காக அந்த பி.ஜி. பாதுகாப்பானதாகிவிடாது. தமிழ்நாட்டில் மகளிருக்கான தனியார் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எங்கே அந்த உரிமம் என்று கேளுங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்றால் இல்லை என்று பொருள். பணம் கேட்பவர் பி.ஜி.யின் பெயரில் ரசீது தருகிறாரா, அல்லது தன்னுடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறாரா என்று பாருங்கள். அட்வான்ஸில் ‘பராமரிப்பு’ என்று சொல்லி எவ்வளவு கழிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பவை எழுத்தில் இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். இரவு ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் கல்லூரி விடுதியில் கதவைத் தட்ட ஒருவராவது உண்டு. பி.ஜி.யில் கீழ்த்தளத்துக் காவலாளிக்கு உங்கள் மகளின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஒரே ஒரு நிலைமையில் நான் இதுவரை சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அழுகைக்குக் காரணம் ராகிங் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1997ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அடித்தால்தான் ராகிங் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். மூத்த மாணவி ஒருவர் தன்னுடைய ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும், கடைக்குக் கூட்டிப்போய் இவரைப் பணம் கொடுக்க வைப்பதும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ராகிங்தான். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, இரவில் ‘வேலை’ கொடுத்து, செய்யாவிட்டால் ஒதுக்கி வைப்போம் என்று மிரட்டுவதும் அதே கணக்கில்தான் வரும். அறைத் தோழி விளக்கை அணைக்காதது ராகிங் ஆகாது; விளக்கை அணைத்தால் மூத்தவர்கள் திட்டுவார்கள் என்று மூவரும் பயந்து விழித்திருந்தால், அது ராகிங். ஆகவே மகளிடம் “யாராவது ராகிங் செய்கிறார்களா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். “ரெக்கார்டு நோட்டு எத்தனை எழுதினாய், அதில் உன்னுடையது எத்தனை?” என்று கேளுங்கள். சந்தேகம் உறுதியானால் 1800 180 5522 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு எந்த நேரமும் புகார் சொல்லலாம். கல்லூரி ‘எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கை பதிய வைப்பது கல்லூரித் தலைவரின் கடமை. கல்லூரியின் பெயர் கெடும் என்ற கவலை அவருடையது, உங்களுடையது அன்று.

மகள் நாள்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரில் புறப்பட்டுப் போங்கள். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்த மனிதருக்கு ‘டோக்கன்’ என்று ஏற்கெனவே ஏதேனும் கொடுத்திருந்தால், தொலைபேசியில் சண்டையிட வேண்டாம். அறை தேவையில்லை, கொடுத்த தொகையைத் திருப்பி அனுப்பவும் என்று தேதியும் தொகையும் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய திரைப்பதிவை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.