லைஃப் கோச்சிடம் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் மனசு ஆபீசிலேயே கிடக்கிறது. உடம்பைக் கவனிக்க வேண்டும், பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் முடிவெடுக்கிறேன். இரண்டு வாரம் தாண்டுவதில்லை. லைஃப் கோச் ஒருவரைப் பார் என்கிறார் நண்பர். காசு கொடுத்து அறிவுரை கேட்க வேண்டுமா?

பதில்: அறிவுரைதான் கிடைக்கும் என்றால் போகவே வேண்டாம். அதைச் சும்மா தர ஆளுக்கா பஞ்சம்? நல்ல கோச் கேள்விதான் கேட்பார், அதுவும் நழுவ விடாமல்.

“சாயங்காலம் குடும்பத்தோடு இருக்கணும்” என்பீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பார். “செவ்வாய், ஏழு மணி.” ஏழரைக்கு மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தால்? “பார்த்துடுவேன்.” மறுநாள் காலையில் பதில் போட்டால் என்ன ஆகும்? இந்த இடத்தில் ஒரு மௌனம் வரும். “தெரியல, அப்படிச் செஞ்சு பார்த்ததே இல்ல.” சரி, வருகிற செவ்வாய் ஒரு நாள் மட்டும் செய்து பாருங்கள் என்று பேச்சு முடியும். அடுத்த வாரம் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?”

அற்பமாகத் தெரிகிறதா? மன உறுதி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்வதைவிட இது பலன் தரும். ‘உடம்பைக் கவனிக்க வேண்டும்’ என்ற முடிவில் நாளும் இல்லை, நேரமும் இல்லை, தடை வந்தால் என்ன செய்வது என்பதும் இல்லை. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார். அப்புறம், இரண்டு வாரம் போதவே போதாது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. நீங்கள் தவறிய அன்றே கைவிட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது கோச்சின் வேலை கிடையாது.

பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை. யாரும் போர்டு மாட்டலாம். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, தன் ஆரம்பநிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறது. அது இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 21 நாளில் ஆளையே மாற்றிக் காட்டுகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்றும் கவனியுங்கள். கோச்தான் என்றால், வேறு ஆள் பாருங்கள்.